மூன்று புள்ளி

பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு கார்டின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் வாத்தியங்கள் அந்த இடத்தில் அடங்கிவிடும். இரண்டு புள்ளி வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டு நிற்கும். மூன்று புள்ளி வைத்தால் அந்தக் கார்டை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மென்பொருளை வைத்துக்கொண்டு கெடாவிலுள்ள பாடாங் செராயில் வீட்டில் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் செய்து கொடுத்து வருகிறேன். ஜாஸ், சாம்பா, வால்ட்ஸ் என்று எண்ண முடியாத அளவுக்கு ஸ்டைல்கள் அதில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. இந்த மூன்று புள்ளியைத் தொடாத நாள் மட்டும் கிடையாது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் லயத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். பாட்டில் தாளத்தின் ஓட்டத்துக்கும் அதே பெயர்தான். சின்ன வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ஹார்மோனியம் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. டோலக் மாமா எதிர் வரிசை. கஞ்சிரா தட்டுகிறவர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வீடு. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஒன்றாக நின்று, வெட்டு முடிந்து ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு ஒன்றாகத் திரும்புகிறவர்கள். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பஜனைக்கு யாரையும் கூப்பிட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஹார்மோனியக்காரர் துருத்தியைத் திறந்து சுருதி பிடித்தால் போதும், அந்தச் சத்தத்துக்கே மற்றவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எனக்குத் தாளம் சொல்லிக் கொடுத்தவர் டோலக் மாமாதான். முதல் நாளே சொன்னார்: "டோலக்கைப் பார்க்காதடா. பாடுறவங்க தோளைப் பாரு. தோள் ஏறினா மூச்சு எடுக்கிறாங்க. அப்ப கையைத் தூக்கிக்கோ." நான் இந்தத் தொழிலில் கற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தால், அந்த ஒரு பேச்சு மறுபக்கம் நிற்கும்.

பாடாங் செராய் என்றால் மலாயில் எலுமிச்சைப்புல் திடல். எனக்கு நினைவு தெரிந்த நாளில் சுற்றிலும் ரப்பர்தான்: ஹென்ரியேட்டா, விக்டோரியா, பாடாங் மெய்ஹா என்று ஒவ்வொரு தோட்டமாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு பஜனைக் குழு. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. எங்கள் லயம் காலியானபோது ஹார்மோனியக்காரர் லூனாஸ் பக்கம் ஒரு தாமானுக்குப் போனார். கஞ்சிரா புக்கிட் மெர்தாஜாமுக்கு மகனோடு போனார். கூலிம் ஹைடெக் பூங்கா 1996-ல் திறந்த பிறகு எங்கள் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைக்குப் போனார்கள். ஒருவனுக்குக் காலை ஷிப்ட் என்றால் இன்னொருவனுக்கு இராத்திரி ஷிப்ட். ஏழு பேர் கொண்ட ஒரு குழுவில் ஏழு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்பது பல மாதங்களில் வாய்க்கவே இல்லை.

கணினி வந்துதான் இசைக்குழுக்கள் அழிந்தன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய ஊர்களில் அப்படி இருக்கலாம். எங்கள் பக்கத்தில் நான் கணினி வாங்கியபோது குழுக்கள் ஏற்கெனவே கலைந்திருந்தன. பாடுகிறவர்கள் மட்டும் மிஞ்சி இருந்தார்கள். தாமான் வீட்டு முன்னறையில், விசிறிக்குக் கீழே, பக்கவாத்தியத்துக்கு ஒருவரும் இல்லாமல்.

கணினிக்கு முன்பு என் கையில் இருந்தது கீபோர்ட். எண்பதுகளின் கடைசியில் கல்யாண வீடுகளில் வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் ஒரு கேசியோ, பிறகு ஒரு யமஹா. இரண்டிலும் இடது கையில் ஒரே விரலை வைத்தால் டிரம்ஸ், பாஸ், கார்ட் எல்லாம் தானாக ஓடும். ஆனால் வழி வேறு. கேசியோவில் மைனர் வேண்டுமென்றால், வைத்த கட்டைக்கு வலப்பக்கம் இன்னொரு கட்டையைச் சேர்த்து அழுத்த வேண்டும், எது என்றாலும் சரி. யமஹாவிலோ இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டை மைனர், இடப்பக்கத்து வெள்ளைக் கட்டை செவன்த். கேசியோவில் பழகிய கையோடு யமஹாவில் உட்கார்ந்த முதல் மாதம் சோகப் பாட்டெல்லாம் தடம் மாறிப் போயின. கை பழக இரண்டு மாதம் ஆனது.

அந்தக் கீபோர்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நான் கார்டை மாற்றும்வரை அது அதே கார்டில் சுற்றிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் ஒரு சுற்றுத் தாமதித்தால் நானும் தாமதிக்கலாம். மாமா தோளைப் பார்த்ததுபோல நானும் பார்த்தேன். கணினியில் கார்ட் தாள் வேறு மாதிரி. முதல் கட்டத்தில் தொடங்கினால் கடைசிக் கட்டம்வரை ஓடும், யாருக்காகவும் நிற்காது. அப்படியிருந்தும் கணினிக்கு ஏன் போனேன் என்றால், வீட்டில் தனியாகப் பாடுகிறவர்களுக்கு இடது கையால் கார்ட் பிடிக்கத் தெரியாது. நான் எல்லார் வீட்டுக்கும் போய் உட்கார முடியாது. ஆனால் ஒரு வட்டில் பதிவு செய்து கொடுத்துவிடலாம்.

பேண்ட்-இன்-எ-பாக்ஸை உருவாக்கியவர் பீட்டர் கேனன், கனடாவில் ஒரு மருத்துவர். இசைமேல் பிடிப்புள்ளவர். 1990-ல் முதல் பதிப்பு அட்டாரிக்கும் பிசிக்கும் வந்தது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு தாள். ஒரு கட்டம் ஒரு பார். அதில் சி, எஃப், ஜி செவன் என்று கார்டின் பெயரைத் தட்டவேண்டும். ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து வேகத்தைச் சொன்னால், பாஸ், பியானோ, கிதார், ஸ்ட்ரிங்ஸ், டிரம்ஸ் என்று ஐந்து வாத்தியக்காரர்களை அதுவே எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் மாற்றி எழுதும். இன்றைக்கு இதைக் கேட்கிறவர்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. நான் முதல்முதலில் ஒரு நண்பர் வீட்டில் பன்னிரண்டு கட்டம் தட்டிவிட்டு அது வாசிக்கக் கேட்டபோது, எங்கள் குழு கலைந்த பிறகு முதல்முறையாக ஒரு பாஸ் கிதார் பின்னால் நடக்கிற சத்தம் காதில் விழுந்தது. அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்த ஐந்து பேருக்கும் தமிழ்ப் பாட்டு தெரியாது.

பஜனைக் குழுப் பெரியவர் ஒருவருக்கு மாயாமாளவகௌளையில் ஒரு பாட்டுச் செய்தபோதுதான் அது முகத்தில் அறைந்தது. கார்ட் சி மேஜர், சரியாகத்தான் போட்டிருந்தேன். நான் எடுத்த ஸ்டைல் ஜாஸ் வழி வந்தது. வெறும் கார்ட் கொடுத்தாலும் அழகுக்காக மேலே ஒன்பதாவது சுரத்தைச் சேர்த்து வாசிக்கும். ராகத்தில் இருப்பது சுத்த ரிஷபம். பியானோ விரலை வைத்ததோ சதுசுருதி ரிஷபத்தில். பெரியவர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் பியானோவையும் கிதாரையும் மூடினேன். பாஸையும் தாளத்தையும் மட்டும் விட்டு, ராடெல் சுருதிப் பெட்டியை மைக் பக்கத்தில் வைத்தேன். பெங்களூரில் ராஜ் நாராயண் தொடங்கிய நிறுவனத்தின் பெட்டி அது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவர் திரும்பப் பாடினார், நன்றாக அமைந்தது. ராகத்துக்குக் கார்ட் போடுவது என்பது பல நேரங்களில் எதைப் போடக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான். இதைக் கீபோர்ட் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்.

தாளத்தில் இன்னும் பெரிய வேலை இருந்தது. 1991-ல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியங்கள். 105-ஆவது சித்தார், 112-ஆவது ஷெனாய். நாதஸ்வரமும் வீணையும் இல்லை. தாளக்கருவிகள் எல்லாம் பத்தாவது சானலில். காங்கோ, பாங்கோ, டிம்பாலே எல்லாம் உண்டு. தபலாவும் டோலக்கும் தவிலும் உறுமியும் அங்கே கிடையாது. உள்ளதை வைத்துத்தான் சமைக்க வேண்டும். டோலக்கின் வலந்தலைக்குப் பாங்கோ, இடந்தலைக்குத் தாழ்ந்த காங்கோ. தவிலுக்கு டிம்பாலே கொஞ்சம் ஒத்துவரும்.

உறுமிதான் படுத்தியது. கெடாவிலும் பினாங்கிலும் உறுமி மேளம் இல்லாமல் காவடி கிடையாது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த உறுமல் இல்லாவிட்டால் அது உறுமி இல்லை. ஒரு நாள் பட்டியலைக் கடைசிவரை தட்டிப் பார்த்துக்கொண்டே போனபோது 78, 79 ஆகிய எண்களில் குயிக்கா என்று ஒன்று அகப்பட்டது. பிரேசில் நாட்டுக் கருவி. அதுவும் தேய்த்து வாசிப்பதுதான். பறைக்கு உள்ளே ஒரு குச்சி, அதை ஈரத்துணியால் உருவுவார்கள். 78 சின்ன முனகல், 79 நீண்ட முனகல். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, கீழே காங்கோவைச் சேர்த்தபோது அறைக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "யாருக்குக் காவடி?" என்று கேட்டாள். உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஒருவன் கருவி நம் உறுமிக்குச் சொந்தமாக இருக்கிறதே என்று அன்றைக்கு முழுக்க மகிழ்ச்சி.

அந்த மென்பொருளில் ஸ்டைலை நாமே செய்து கொள்ளவும் வழி உண்டு. சின்னச் சின்ன அடிகளைப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் எடை என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். எடை கூடிய அடி அடிக்கடி வரும், குறைந்தது எப்போதாவது வரும். நான் டோலக் மாமாவைத் தேடிக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. மகள் வீட்டில் இருந்தார். கீபோர்டை மேசைமேல் வைத்தபோது அவரால் வாசிக்கவே முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து யார் டோலக் வாசிப்பார்கள்? கீபோர்டை இறக்கிப் பாயில் வைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கட்டைகளில் வலந்தலை, இரண்டில் இடந்தலை. பத்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு அடித்தார் பாருங்கள்! விரல் விழுகிற வேகத்தை அந்த இயந்திரம் 127 படிகளாக எழுதிக்கொண்டது. திரும்பத் திரும்ப ஒரே அடியை வாசிக்கச் சொன்னால் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார். நான்காவது தட்டு எப்போதும் ஒரு நூல் பிந்தி விழும். முதலில் அதைத் திருத்தலாமா என்று யோசித்தேன். மென்பொருளில் ஒரே சொடுக்கில் எல்லாத் தட்டையும் கோட்டில் நிறுத்திவிடலாம். நிறுத்திக் கேட்டேன், மாமா காணாமல் போயிருந்தார். பழையபடி வைத்துவிட்டேன். அன்று பதிந்தது பதினான்கு அடி. அடுத்த வருடம் மாமா தவறிவிட்டார்.

இனி அந்தக் கல்யாணம். அது என் தவறு, அதனால் சொல்ல வேண்டும். லூனாஸ் பக்கம் ஒரு மண்டபம். பெண்ணின் அண்ணன் தங்கைக்காக ஒரு பாட்டுப் பாட ஆசைப்பட்டான். நான் மைனஸ் ஒன், அதாவது குரல் இல்லாத டிராக், செய்து கொடுத்திருந்தேன். மடிக்கணினியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் தங்கை முகத்தைப் பார்த்துவிட்டான், தொண்டை அடைத்துவிட்டது. மைக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். பழைய குழுவாக இருந்திருந்தால் ஹார்மோனியம் அதே இடத்தில் சுற்றும், மாமா மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்ப வரும்வரை பாட்டு அங்கேயே நிற்கும். என் கணினி நிற்கவில்லை. சரணம் முடிந்து, இடையிசை வந்து, கடைசிப் பல்லவியும் வந்துவிட்டது. அவன் தேறி வந்து பாடியபோது வரி ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் ஒரு மவுஸ் இருந்தது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணே" என்றான். பரவாயில்லாமல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மண்டபத்துக்கு நான் மைனஸ் ஒன் எடுத்துப் போவதில்லை. மேடை என்றால் கீபோர்ட், நானே உட்கார்ந்து வாசிப்பேன். வீட்டில் பாடுகிறவர்களுக்குச் செய்யும்போதும் வேலையின் வரிசையை மாற்றினேன். முன்பு பாட்டைக் கேட்டு, கார்ட் எழுதி, டிராக் செய்து கொடுத்துவிட்டு, இதற்குப் பாடுங்கள் என்பேன். இப்போது முதலில் பாடச் சொல்கிறேன். தாளம் இல்லாமல், சுருதி மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து முறை. நான் தோளைப் பார்க்கிறேன். எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எங்கே இழுக்கிறார்கள், எந்த வரியில் குரல் இறங்கிவிடும் என்று தாளில் குறித்துக்கொள்கிறேன். அப்புறம்தான் கணினியைத் திறக்கிறேன். மூச்சு எடுக்கிற இடத்தில் ஒரு புள்ளி. இழுக்கிற இடத்தில் மூன்று. வரியின் கடைசியில் வேகம் தளர்ந்தால், எஃப்-5 விசையை அழுத்தி அந்தக் கட்டத்தில் வேகத்தைக் குறைத்துவிடலாம். எல்லா வாத்தியமும் நிற்க, பாஸும் டிரம்ஸும் மட்டும் ஓட வேண்டுமென்றால் புள்ளிக்குப் பக்கத்தில் அதற்கான எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். இயந்திரத்துக்குப் பாடகரின் தோள் தெரியாது. பார்த்த நான்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

2008 வாக்கில் இந்த மென்பொருளில் ரியல்டிராக்ஸ் வந்தது. மிடி ஒலி இல்லை. நாஷ்வில் நகரத்து பிரென்ட் மேசன் போன்ற பேர்போன கலைஞர்கள் ஸ்டூடியோவில் வாசித்த துண்டுகளை நாம் கொடுக்கிற கார்டுக்கும் வேகத்துக்கும் ஏற்பக் கோத்துக் கொடுக்கும். ஒலி அவ்வளவு சுத்தம். மெல்லிசைப் பாட்டுக்கு நானும் அந்தக் கிதாரைப் பயன்படுத்துகிறேன். மாரியம்மன் பாட்டுக்கு மட்டும் மாமாவின் பதினான்கு அடிக்குத்தான் திரும்புகிறேன்.

போன வருடம் ஒரு பெரியம்மாவைப் பேரன் மோட்டாரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கள் லயத்திலேயே கடைசி வீட்டில் இருந்தவர். நாற்பது வருடம் பால் வெட்டியவர். அம்மா பாடிக் கேட்ட மாரியம்மன் பாட்டு ஒன்று அவரிடம் இருந்தது, எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்பது பேரனின் ஆசை. பெரியம்மா நெகிழி நாற்காலியில் உட்கார மறுத்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். சுருதி நான்கு கட்டை. ஐந்து முறை பாடினார். ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாம் வரி முடிந்ததும் ஒரு நிற்றல். சில சமயம் இரண்டு தட்டு, சில சமயம் மூன்று, ஒரு முறை நான்கரை. எண்ணி எண்ணி எனக்குத் தலை சுற்றியது. சராசரி எடுத்துப் போட்டால் பாட்டு செத்துவிடும்.

கடைசியில் இப்படிச் செய்தேன். மூன்றாம் வரி முடிகிற கட்டத்தில் மூன்று புள்ளி. ஸ்ட்ரிங்ஸும் பாஸும் பிடித்துக்கொண்டு நிற்கும், தாளம் அடங்கிவிடும். அடுத்து ஒரு கட்டம் முழுக்க அதே நிற்றல். அதன் கடைசித் தட்டில் மட்டும் மாமாவின் அடியில் ஒன்று, எடுத்துக்கொடுக்கிற மாதிரி. "பெரியம்மா, டோலக் 'தக்கிட'ன்னு கூப்பிடும். அதுவரைக்கும் நீங்க பாட்டுக்கு நில்லுங்க. கூப்பிட்டதும் வாங்க" என்றேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வேகம் 92. முதல் சரணம் போனது. மூன்றாம் வரி முடிந்து நின்றார். டோலக் கூப்பிட்டது. அவர் பாடவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது யாரு வாசிக்கிறது?"

"கம்ப்யூட்டர்தான் பெரியம்மா."

"சத்தம் கம்ப்யூட்டரு. அடி எங்க எதிர் வீட்டு அண்ணன் அடி. பிந்தி விழுதே."

நான் நடந்ததைச் சொன்னேன். பாய் போட்டு உட்கார வைத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "போடு தம்பி" என்றார். ஒரே எடுப்பில் பாடி முடித்தார். எனக்குச் சேர வேண்டிய ஐம்பது வெள்ளியை அவர் சேலைத் தலைப்பு முடிச்சிலிருந்து எடுத்தபோது வாங்க மனம் வரவில்லை. வாங்காவிட்டால் அவர் மனம் நோகும் என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது கைப்பேசியிலேயே எல்லாம் வந்துவிட்டது. மாசிமோ பியோல்காத்தி என்ற பாஸ் கலைஞர் செய்த ஐரியல் புரோ கார்ட் தாளை வாசிக்கிறது. பிரசாத் உபாசனி செய்த ஐதபலா புரோவில் தபலாவும் தம்பூராவும் கேட்க இதமாக இருக்கின்றன. என் பிள்ளைகள் சாதகத்துக்கு அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நாலு வரி எழுதிக் கொடுத்தால் குரலோடு முழுப் பாட்டையும் செய்து தருகிற செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. என் மாணவன் ஒருவன் சூனோவில் ஒரு பாட்டுச் செய்து காட்டினான். கேட்க நன்றாகவே இருந்தது. அதில் புள்ளி வைக்கிற இடம் எங்கே என்று அவனிடம் கேட்டேன். இருவரும் தேடிப் பார்த்தோம், எங்களுக்கு அகப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பேரன் தனியாக வந்தான். பதினேழு வயது இருக்கும். கோயில் திருவிழாவில் பாட்டியின் பாட்டைத் தானே பாடப் போகிறானாம்.

"அங்கிள், சுருதியை ஒன்றரை கட்டைக்கு மாத்திக் கொடுங்க. அப்புறம் அந்தக் கேப் வேணாம். பாட்டிக்கு மூச்சு வாங்கும், எனக்கு வாங்காது."

நியாயம்தான். பாட்டியின் கோப்பை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகல் எடுத்தேன். சுருதியை மாற்றினேன். மூன்று புள்ளிகளையும் எடுத்து, நிற்கிற கட்டத்தையும் நீக்கினேன். மைக் முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னேன். இளங்குரல், கணீரென்று இருந்தது. மூன்றாம் வரி முடிந்தது. டிராக் நான்காம் வரிக்குப் போய்விட்டது. அவன் போகவில்லை. வாய் திறந்தபடி நின்றான். தோள் ஏறவே இல்லை, மூச்சு நிறைய இருந்தது. ஆனாலும் நின்றான். இன்னொரு முறை போட்டேன். மறுபடி அதே இடத்தில் நின்றான்.

"என்னா அங்கிள், நான் லேட்டா?" என்றான்.

நீக்கிய கட்டத்தைத் திரும்பச் சேர்த்தேன். சி ஷார்ப் என்று தட்டி, அதன் பின்னால் மூன்று புள்ளி வைத்தேன்.